நூறு வயதுச் சிறுவர்கள்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நீடுவாழும் சமூகங்கள்

விளையாட்டு ஒன்று விமர்சனத்துக்குரிய பிரதியாகுமா என்ற கேள்வியை வாசகர்களில் ஒரு பகுதியினராவது எழுப்புவர். நாவல், கவிதை, நாடகம், சினிமா என்பவற்றை விவாதித்துப் பழகியவர்கள் நாம். தாயக்கட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றியிருந்து விளையாடப்படும் ஒன்று, அதிலும் கூரிய காதுகள் கொண்ட கற்பனை மாந்தரைப் பற்றிய ஒன்று, எமக்குச் சிறுபிள்ளைத்தனமாகவே தோன்றும். ஆனால் எமது வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் வார இறுதி இரவுகளை இதில்தான் கழிக்கிறார்கள். நாம் எமது அரசியலைப் பேசி முடிக்காத அதே இரவுகளில், பக்கத்து அறையில் அவர்கள் வேறொரு உலகின் அரசுகளையும் யுத்தங்களையும் வாரிசுரிமைகளையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே என்ன பேசப்படுகிறது என்று கேட்காமலிருப்பது விமர்சகருக்கு அழகல்ல.

அறியாதோருக்காகச் சுருக்கமாகச் சொல்வதானால், பாத்திரமேற்பு விளையாட்டில் நான்கைந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் கதைநடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். பாத்திரம் செய்ய முயல்வது கைகூடுமா இல்லையா என்பதை விதிகளும் தாயக்கட்டையும் தீர்மானிக்கின்றன. இவ்வகையில் முதன்முதலாக அச்சில் விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இது 1974இல் வெளியாயிற்று. நாவலாசிரியர் ஒரு சமூகத்தைக் காட்டுகிறார். இந்த விதிநூல்களோ ஒரு சமூகத்தில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதை எண்களில் வகுத்துத் தருகின்றன. ஆகவே விதிநூல் என்பது, அதை எழுதியோர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு சமூகக் கோட்பாட்டு நூலுமாகும்.

இவ்விளையாட்டுகளில் ஓயாது இடம்பெறும் ஓர் இனம் எல்ஃப்கள். அழகும் மெல்லிய உடலும் காட்டு வாழ்வும் மந்திர ஆற்றலும் கொண்டவர்கள். பல நூறு ஆண்டுகள் வாழ்பவர்கள். 700 ஆண்டுகள் வாழும் மாந்தரின் சமூகம் எப்படியிருக்கும்? அங்கே சொத்து யாருடையது? பதவி எப்போது காலியாகும்? இளையோர் எப்போது பேசலாம்? இக்கேள்விகளை இந்நூல்களில் பெரும்பாலானவை ஏன் கேட்பதில்லை, கேட்டவை எவ்வாறு கேட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. ரொல்கீனிடமிருந்து எடுத்ததும் விட்டதும்

இன்றைய எல்ஃப் படிமத்தின் நேரடி மூலம் ஜே.ஆர்.ஆர். ரொல்கீன். 1954-55இல் வெளியான 'மோதிரங்களின் தலைவன்' நூலிலும், அவர் இறந்த பின் 1977இல் மகன் கிறிஸ்ரோபர் தொகுத்து வெளியிட்ட 'சில்மரிலியன்' நூலிலும் எல்ஃப்களின் நீடுவாழ்வு ஓர் அலங்காரமல்ல. அது ரொல்கீனின் கத்தோலிக்க மனத்தை அலைக்கழித்த ஒரு கேள்வியின் வடிவம். அவரது உலகில் மரணம் மனிதருக்குக் கடவுள் அளித்த கொடை. எல்ஃப்களோ உலகம் உள்ளவரை உலகோடு பிணைக்கப்பட்டவர்கள். கொல்லப்பட்டாலும் துயரால் மடிந்தாலும் அவர்கள் உலகின் எல்லையை விட்டு நீங்குவதில்லை. அவர்களுடைய மூன்று மோதிரங்களின் வேலை வெல்வதன்று, உள்ளதை உள்ளபடி பேணுவது. முதன்மை மோதிரம் அழியும்போது அப்பேணுதலும் முடிந்துபோகிறது. அவர்கள் கப்பலேறி மேற்கே செல்கிறார்கள். மாறும் உலகில் மாறாதிருக்க விரும்புவோரின் துயரமும், அந்த விருப்பத்தில் ஒளிந்திருக்கும் தவறும் அங்கே சேர்த்தே பேசப்படுகின்றன.

1993இல் வெளியான கையெழுத்துப் பிரதித் தொகுதியொன்றில் எல்ஃப்களின் திருமண வழக்கம், பெயரிடும் முறை, பிள்ளை வளர்ப்பு பற்றிய ரொல்கீனின் நீண்ட குறிப்பு ஒன்றுண்டு. எல்ஃப் பிள்ளையின் உடல் முழு வளர்ச்சி பெற ஐம்பது ஆண்டுகளும், சிலருக்கு நூறு ஆண்டுகளும் ஆகும் என்கிறார். மனைவி இறந்து, ஆனால் உலகை விட்டு நீங்காதிருக்கையில் கணவன் மறுமணம் செய்யலாமா என்பதை ஒரு சட்டப் பிரச்சினையாகவே அங்கு விவாதிக்கிறார். நீடுவாழ்வு சட்டத்தையும் குடும்பத்தையும் எப்படி மாற்றும் என்று அவர் யோசித்தார் என்பதற்கு இது சான்று.

விளையாட்டுகள் ரொல்கீனிடமிருந்து காதையும் வில்லையும் காட்டையும் ஆண்டுக்கணக்கையும் எடுத்துக்கொண்டன. ஆண்டுக்கணக்குக்குப் பின்னாலிருந்த கேள்வியை விட்டுவிட்டன.

2. எண்ணாகிய வாழ்நாள்

1974ஆம் ஆண்டு விதிகளில் எல்ஃப் ஒருவர் போர்வீரராக நான்காம் படிக்கு மேலும், மந்திரவாதியாக எட்டாம் படிக்கு மேலும் உயர முடியாது. மனிதருக்கு இவ்வரம்பு இல்லை. பல நூறு ஆண்டுகள் வாழ்பவர் வரம்பின்றிக் கற்றால் உலகம் முழுவதும் அவர்கள் கைக்குள் போய்விடும் அல்லவா? 1979இல் வந்த கதைநடத்துநர் கைநூலில் கைகக்ஸ் மனிதரை மையமாகக் கொண்ட உலகே வேண்டுமென வெளிப்படையாக வாதிடுகிறார். அதாவது எல்ஃப்களின் நீடுவாழ்வு விளைவிக்கக்கூடிய ஆதிக்கத்தை, சமூகக் காரணம் எதுவும் சொல்லாமல், இனத்தின் இயல்பில் ஒரு கூரையை வைத்துத் தடுத்தார்கள். ஓர் இனத்தின் அறிவுக்கு உடலிலேயே எல்லையுண்டு என்ற வாதம் எங்கிருந்து வருகிறதென்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இவ்வரம்பை நீக்கியது. நீக்கியதும் வேறொரு அபத்தம் வெளிப்பட்டது. அப்பதிப்பின்படி எல்ஃப் பருவமடையும் வயது 110. மந்திரம் கற்ற எல்ஃப் விளையாட்டைத் தொடங்கும் வயதைக் கணிக்க, இதனோடு பத்துத் தாயக்கட்டைகளின் கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும், சராசரி 145. மனித மந்திரவாதிக்கு 15உடன் இரண்டு கட்டைகள், சராசரி 22. இவ்விருவரும் அதே முதற்படியில், அதே அளவு தேர்ச்சியுடன் தொடங்குகிறார்கள். அப்படியானால் அந்த எல்ஃப் நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்ன செய்துகொண்டிருந்தார்? விளையாடுவோரிடையே இது பழைய பகிடி. விளையாட்டின் சமநிலைக்காக என்பது வழமையான பதில். அது விதிக்கான காரணமே தவிர, அந்தச் சமூகத்துக்கான விளக்கமாகாது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. எல்ஃப்கள் மனிதர் முதிரும் வயதிலேயே உடலால் முதிர்ந்துவிடுகிறார்கள். ஆயினும் வளர்ந்தவர் என்ற தகுதியையும் அதற்குரிய பெயரையும் ஏறத்தாழ நூறு வயதிலேயே பெறுகிறார்கள். 750 வயதுவரை வாழ்கிறார்கள். முதிர்ச்சி என்பது உலக அனுபவத்தையும் சேர்த்தது என்பது அவர்களின் கருத்தாம். இந்த ஒரு சில வரிகள், எழுதியவர்கள் நினைத்ததைக் காட்டிலும் அதிகம் சொல்கின்றன. இருபது வயதில் முழு உடலும் முழு அறிவும் பெற்ற ஒருவர் மேலும் எண்பது ஆண்டுகள் சிறுவராக இருக்கிறார். இதற்கு உடற்கூறு காரணமில்லை. யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். யார் தீர்மானித்தது, சிறுவராக இருக்கும் காலத்தில் எந்த உரிமை மறுக்கப்படுகிறது, மறுத்தவர்களுக்கு அதனால் என்ன பயன் என்று நூல் கேட்கவில்லை.

2018இல் வந்த துணைநூலொன்று இன்னும் ஒரு படி சென்றது. எல்ஃப்கள் உறங்குவதில்லை; நான்கு மணிநேரம் ஒருவகைத் தியானத்தில் ஆழ்கிறார்கள். சிறுபராயத்தில் அத்தியானத்தில் வருவன அவர்களுடைய சொந்த நினைவுகளல்ல, முற்பிறப்புகளின் நினைவுகள். சொந்த வாழ்வின் நினைவு முதன்முதல் தோன்றும்போதுதான் சிறுபராயம் முடிகிறது. பிள்ளையின் இரவைக்கூட முன்னோர் ஆக்கிரமித்திருக்கும் ஒரு சமூகம்! இதை எழுதியவர்கள் அழகிய மர்மமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அச்சமூட்டும் பகுதியாகவே பட்டது.

3. தலைமுறை என்னும் பிரச்சினை

1928இல் கார்ல் மன்ஹைம் தலைமுறைகளின் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சிந்தனைப் பரிசோதனை உண்டு. ஒரே தலைமுறை என்றென்றும் வாழ்ந்து, அதன்பின் வேறு தலைமுறை வராத சமூகம் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். அதனோடு ஒப்பிட்டு எமது சமூகங்களின் இயல்பைப் பிரித்துக் காட்டுகிறார். புதியவர்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறார்கள்; பழையவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்; எவரும் வரலாற்றின் ஒரு துண்டில் மட்டுமே பங்குகொள்கிறார்கள்; ஆகவே பெற்றதைக் கையளிக்க வேண்டியுள்ளது. புதிதாக வருபவர் பழைய சேகரத்தைப் புதுக்கண்ணால் பார்க்கிறார், தேவையற்றதைக் கைவிடுகிறார். சமூகம் மறப்பதற்கும் புதிதாய்த் தொடங்குவதற்கும் இதுவே வழி என்பது மன்ஹைமின் வாதம். இவர் 1919க்குப் பின் ஹங்கேரியிலிருந்து ஜேர்மனிக்கும், 1933இல் ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கும் இருமுறை புலம்பெயர்ந்தவர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இவ்வாதத்தை எல்ஃப்களுக்குப் பொருத்திக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 10,000 பேர் வாழும் எல்ஃப் நகரம்; எல்லோரும் 750 வயதுவரை வாழ்கிறார்கள்; தொகை கூடாமல் குறையாமல் இருக்கிறது என்று கொள்வோம். அங்கு ஆண்டொன்றுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 13 பேர் அளவிலேயே. எல்லோரும் 75 வயதுவரை வாழும் அதேயளவு மனித நகரில் 133 பேர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் மனித நகரில் 2,400 பேர். எல்ஃப் நகரில் 240 பேர். இருபதுக்கும் நூறுக்கும் இடைப்பட்டோர், அதாவது உடலால் முதிர்ந்தும் உரிமையால் முதிராதோர், ஆயிரத்துக்கு மேல்; பத்துப் பேரில் ஒருவருக்கும் அதிகம். இந்த ஆயிரம் பேரும் எங்கே கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எந்த விதிநூலும் எனக்குச் சொல்லவில்லை.

சொத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோரின் 150ஆவது வயதில் பிறந்த ஒருவர் தந்தையின் காணியைத் தனது 600ஆவது வயதில்தான் பெறுவார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற மிகக் குறைந்த வட்டியில் இட்ட பணம் 700 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். எல்ஃப்கள் பொருளாசை அற்றவர்கள் என்று நூல்கள் சொல்வது இக்கணக்கை மறைக்கவே உதவுகிறது. ஆசை அற்றவரிடமும் காணி குவியும். அதற்கு அவர் சாகாமலிருந்தாலே போதும்.

இதை 1726லேயே ஜொனதன் ஸ்விஃப்ற் கண்டுகொண்டார். கலிவரின் பயணங்களில் வரும் ஸ்ட்ரல்ட்பிரக் என்னும் சாகாத மனிதர்கள் எண்பது வயதானதும் சட்டத்தின் கண்ணில் இறந்தவர்களாகக் கொள்ளப்படுவர். சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும். இன்றேல் காலப்போக்கில் நாடு முழுவதும் அவர்கள் உடைமையாகி, ஆட்சியும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். இருநூறு ஆண்டுகளின் பின் ஊரின் மொழியே மாறிவிட, அவர்கள் அயலவரோடு பேச முடியாமல் சொந்த நாட்டிலேயே அந்நியராய் வாழ்கிறார்கள். ஓர் ஐரோப்பிய நையாண்டிக்காரர் சில பக்கங்களில் கண்ட மொழி, சொத்து, சட்டம் என்னும் மூன்றையும் இவ்வளவு தடித்த விதிநூல்கள் காணத் தவறியிருக்கின்றன.

எமது புராண மரபும் இப்பிரச்சினையை அறியும். சாகாவரம் பெற்ற சிரஞ்சீவிகள் அங்கே தனியாட்கள். என்றும் பதினாறாகிய மார்க்கண்டேயனுக்கு ஒரு சமூகம் இல்லை. ஆனால் அமுதுண்ட தேவர்களைப் பற்றிப் பேசும்போது புராணம் மிகத் தெளிவாக இருக்கிறது. இந்திரன் என்பது பதவியின் பெயர். மனுவந்தரத்துக்கு மனுவந்தரம் இந்திரன் மாறுகிறான். நூறு அசுவமேதம் செய்த மானிடனும் அதற்குப் போட்டியிடலாம். நகுஷன் அதில் அமர்ந்தும் பார்த்தான். இந்திரனுக்கு ஓயாத பயம் இருப்பது அதனால்தான். நீடுவாழ்வோரின் உலகில் பதவிக்கு ஒரு கால எல்லை வேண்டும் என்பது அக்கதைகளைச் செய்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அறிவு விடயத்திலும் இதே நிலைதான். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வார்ப்பு இயந்திரம் ஒன்று உண்டு. அதன் சூட்டையும் அழுத்தத்தையும் மழைநாளில் எப்படி மாற்ற வேண்டும் என்பது மூத்த தொழிலாளி ஒருவருக்கே தெரியும். எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் ஓய்வுபெறும் ஆண்டு வந்தபோதுதான் மேற்பார்வையாளர் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதத் தொடங்கியதும் இளையவர்கள் கேள்வி கேட்டார்கள். இரண்டு படிகள் தேவையற்றவை என்று தெரியவந்தது. அவர் ஓய்வே பெறாத ஒருவராக இருந்தால் அந்தக் கொப்பி இல்லை. அந்தக் கேள்வியும் இல்லை. எல்ஃப்களுக்கு மாபெரும் நூலகங்களை வரைந்து காட்டும் விளையாட்டுகள் இதை யோசிக்க வேண்டும். நேரில் கண்டவர் உயிரோடு இருக்கும் ஊரில் ஆவணம் எதற்கு? அங்கே வரலாறு என்ற துறை பிறப்பதே கடினம். சாட்சிகள் இருப்பார்கள், சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்யும் துணிவு யாருக்கும் இராது.

4. கேள்வியைக் கேட்ட சில பிரதிகள்

எல்லா விளையாட்டுகளும் இவ்வாறு மேலோட்டமானவை என்று சொல்வது நியாயமாகாது. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ற்' விளையாட்டின் களமான, கிரெக் ஸ்ராஃபோர்ட் உருவாக்கிய குளோராந்தா என்னும் உலகில் எல்ஃப்கள் தாவரங்கள். உடல் தாவரப் பொருளாலானது. இலையுதிர் மரங்களோடு உறவுடையோர் பனிக்காலம் முழுவதும் உறங்குகிறார்கள். தனியாளின் வயது அங்கே பெரிய கேள்வியே அல்ல. காட்டின் வயதே கேள்வி. எல்ஃப் என்பவர் காது நீண்ட மனிதர் என்ற வசதியான முடிவை இது மறுத்தது.

ஜேர்மனியில் 1984இல் உல்றிஷ் கீசோவ் உருவாக்கிய 'டஸ் ஷ்வார்ட்சே அவுகே', அதாவது 'கரிய கண்', எல்ஃப்களுக்கு 'படொக்' என்ற ஒரு சொல்லைத் தந்தது. மனிதரோடு பழகி, அவர்களுடைய ஆசைகளும் நோக்கங்களும் தொற்றி, சொந்தக் குழுவின் இசைவிலிருந்து விலகியவர் படொக். விளையாடுபவர் ஏற்கும் எல்ஃப் பாத்திரம் மனிதரோடு பயணம் புறப்படும் கணத்திலேயே இந்தக் குற்றச்சாட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. இது வலுவான கற்பனை. ஆனால் அச்சொல்லைப் பிரயோகிக்கும் அதிகாரம் குழுவிடம் இருப்பதையும், தூய்மையைக் காக்கும் இத்தகைய சொற்கள் எவரை வெளியே தள்ளப் பயன்படுகின்றன என்பதையும் நூல்கள் போதியளவு விசாரிக்கவில்லை. வெளியேறியவரின் பக்கமிருந்து அச்சொல் எப்படிக் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் விளையாடுபவரே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

1989இல் வெளியான 'ஷாடோரன்' எதிர்த்திசையில் சென்றது. அதன் கதை 2050இல் நிகழ்கிறது. 2011இலிருந்து சாதாரண மனிதப் பெற்றோருக்கு எல்ஃப் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கியதாக அது கற்பனை செய்கிறது. ஆகவே அவ்வாறு பிறந்தோரில் மூத்தவருக்கே வயது நாற்பதைத் தொடவில்லை. எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அதற்குள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் எல்ஃப் நாடு, அதற்கொரு தனிமொழி, பிரபுக்கள், தொன்மைப் பெருமை எல்லாம் எழுந்துவிடுகின்றன. மரபு என்பது எவ்வளவு அண்மையில் தயாரிக்கப்படலாம் என்று எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலுக்கு இதைவிடச் சிறந்த கதையுருவம் கிடைக்காது. ஆனால் பின்னர் வந்த நூல்கள், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மறைந்து வாழ்ந்த உண்மையான பழைய எல்ஃப்கள் சிலரே இதன் பின்னணியில் இருந்தனர் என்று வெளிப்படுத்தி, தயாரிக்கப்பட்ட தொன்மைக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டன. துணிந்து தொடங்கிய நையாண்டி அங்கே பணிந்துபோயிற்று.

1984இல் தொடங்கிய 'ட்ராகன்லான்ஸ்' வரிசையில் சில்வனெஸ்தி எல்ஃப்கள் பிறப்பால் அமைந்த குலமனைகளாகப் பிரிந்து வாழ்கிறார்கள். அரச மனை, குருக்கள் மனை, பணியாளர் மனை என அது போகிறது. நீடுவாழ்வும் சாதியும் எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்பதை எம்மைவிட யார் விளங்கிக்கொள்வார்கள்? அவ்வரிசையின் 1985ஆம் ஆண்டு நாவலில் இதைவிடக் கூரிய ஒரு செய்தியுண்டு. யுத்தத்தால் துரத்தப்பட்ட சில்வனெஸ்தியரும் குவாலினெஸ்தியரும் தெற்கு எர்கோத் என்னும் நிலத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுகிறார்கள். அந்நிலத்தின் காட்டு எல்ஃப்களான ககொனெஸ்தியரைத் தமது பணியாளர் ஆக்கிக்கொள்கிறார்கள். நாடு இழந்தும் படிநிலையை இழக்காத அகதிகள்! கதையின் ஓட்டத்தில் இது பின்னணியாகவே கடந்துபோகிறது. ஒரு நல்ல கதைநடத்துநர் இதை முன்னணிக்குக் கொண்டுவந்தால் பல மாதங்களுக்கு விளையாட அதுவே போதும்.

கனடிய நிறுவனமான பயோவெயர் 2009இல் வெளியிட்ட 'ட்ராகன் ஏஜ்' கணினி விளையாட்டு இவ்வரிசையில் முதன்மையானது என்பது என் மதிப்பீடு. அங்கே எல்ஃப்கள் நீடுவாழ்வை ஏற்கனவே இழந்தவர்கள். முன்னோர் சாகாதிருந்தனர், மனிதரோடு பழகியதால் அது கெட்டது என்பது அவர்களுடைய ஐதீகம். பேரரசொன்றின் அடிமைகளாக இருந்து, பின் பெற்ற தாயகத்தையும் யுத்தத்தில் இழந்து, ஒரு பகுதியினர் நகரங்களில் மதிலடைத்த சேரிகளில் வாழ்கிறார்கள். டேலிஷ் எனப்படும் மறுபகுதியினர் நாடோடிகளாகத் திரிந்து, தொலைந்த மொழியின் துண்டுகளையும் கதைகளையும் சேகரிக்கிறார்கள். பழைய தெய்வங்களின் பெயரால் முகத்தில் பச்சை குத்துகிறார்கள். நகரத்தாரை அரைகுறைகளாக மதிக்கும் போக்கும் அவர்களிடம் உண்டு. 2014இல் வந்த மூன்றாம் விளையாட்டில், பழைய காலத்தை நேரில் கண்ட ஒருவர் அந்தப் பச்சைகுத்தல் எசமானர்கள் அடிமைகளுக்கு இட்ட அடையாளம் என்று வெளிப்படுத்துகிறார். அந்த எசமானர்களும் எல்ஃப்களே. பெருமையாகக் காத்த மரபு, சொந்த மேட்டுக்குடி சொந்த மக்களுக்கு இட்ட விலங்கு. அவ்வுண்மையை வெளியிடுபவரோ டேலிஷ் மக்களை ஏளனமாகப் பார்க்கும் ஒரு மூத்தவர். உண்மை அவர் பக்கம், உரிமை யார் பக்கம் என்ற கேள்வி அங்கே எழுகிறது. நீடுவாழ்வைப் பற்றிய கேள்வி நினைவின் உடைமை பற்றிய கேள்வியே என்பதை இவ்விளையாட்டுக் கண்டுகொண்டது.

5. ஒரு மறுப்பும் சில ஆலோசனைகளும்

இவையெல்லாம் பொழுதுபோக்கு, எழுநூறு வயது மனத்தை எழுபது ஆண்டு வாழும் மனிதர் எப்படி நடிக்க முடியும் என்று மறுக்கலாம். மனத்தை நடிக்கத் தேவையில்லை என்பதே என் பதில். பெருமூச்சு விடுவதும், மனித நண்பர் கிழவராவதைக் கண்டு கலங்குவதும் தனியாளின் உணர்ச்சி. 2020இல் தொடங்கிய 'ஃபிரீரென்' என்னும் யப்பானிய மங்கா அதை நுணுக்கமாகச் செய்திருக்கிறது. அங்கேயும் எல்ஃப் தனித்தவர். அவருக்குச் சுற்றம் அருகி, சமூகம் இல்லாமலே போய்விடுகிறது. மேசையில் காட்டக் கூடியவை உறவுகள், நிறுவனங்கள், விதிகள்.

உதாரணமாக, எல்ஃப் அரசு ஒன்று மனித அரசோடு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த உடன்படிக்கை. மனிதரில் பன்னிரண்டு தலைமுறை கடந்துவிட்டது. அவர்களுக்கு அது ஏட்டுச் செய்தி. எல்ஃப் பக்கத்தில் கையொப்பமிட்டவர் இன்னும் அமைச்சராக இருக்கிறார். அவருக்கு அது நண்பர் ஒருவர் முகம் பார்த்துத் தந்த வாக்கு. மீறல் நிகழ்ந்தால் ஒருவருக்கு அது சட்ட நுணுக்கம், மற்றவருக்குத் துரோகம். இன்னொன்று, எண்பது வயது 'சிறுவர்' ஒருவர் ஒப்பந்தம் செய்கிறார், மணம் முடிக்கிறார், கொலை செய்கிறார். எந்த நீதிமன்றம் அவரை எப்படி விசாரிக்கும்? இன்னொன்று, நகரை விட்டு மனித ஊர்களுக்கு ஓடிவரும் இளைய எல்ஃப்கள். அவர்கள் சாகசம் தேடி வந்தவர்கள் என்கின்றன நூல்கள். வீட்டில் இடமில்லாமல் வந்தவர்கள் என்று கொண்டால் விளையாட்டின் நிறமே மாறும். மூன்றாம் பதிப்பின் பழைய பகிடிக்கும் விடை கிடைக்கும். நூற்று நாற்பத்தைந்து வயதிலும் முதற்படியில் இருப்பவர், மேற்படிகளில் அமர்ந்திருப்போர் எழும்பாத ஊரிலிருந்து வந்திருக்கிறார்.

2024இல் வந்த புதிய பதிப்பு 'இனம்' என்ற பழைய சொல்லைக் கைவிட்டு உயிரியலில் வழங்கும் 'உயிரினம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. சொல் மாறியது வரவேற்கத்தக்கதே. ஆனால் 750 என்ற எண் தனியாளின் உடற்குறிப்பாகவே தொடர்கிறது. அது சமூக உறவாக எழுதப்படும்வரை சொல் மாற்றத்தால் அதிகம் ஆகப்போவதில்லை.

6. ஏன் இதை இங்கு எழுத வேண்டும்

எல்ஃப்கள் நாமல்ல. ஐரோப்பியக் கற்பனையின் ஓர் உருவத்தை எமது துயரத்துக்கு உவமையாக்கி மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் எழுநூறு ஆண்டுகள் வாழப்போவதுமில்லை. ஆனால் புலம்பெயர்வு ஒரு வகையில் காலத்தை நீட்டிவிடுகிறது. புறப்பட்ட ஆண்டு எமக்கு முடிவதில்லை. அந்த ஆண்டைக் கண்ணால் கண்டோம் என்பதே எமது பதவி. மன்ஹைம் சொன்ன அந்தப் புதுக்கண் எமது கூட்டங்களிலும் உண்டு. பெரும்பாலும் பின்வரிசையில் நிற்கிறது. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகவும் ஒரு வைத்தியசாலையில் பிரிவுப் பொறுப்பாளராகவும் இருப்பவரை இலக்கியச் சந்திப்பில் 'சின்னப் பிள்ளை' என்று அழைத்துத் தேநீர் பரிமாறச் சொல்கிறோம். அவர் ஒரு கருத்துச் சொன்னால், நீர் அப்போது அங்கே இல்லையே என்கிறோம். இந்த வாக்கியத்துக்கு எதிர்வாதம் கிடையாது; அதனாலேயே அது விவாதத்தில் சொல்லத் தகாத வாக்கியம்.

கண்டவரின் சாட்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழிக்கப்பட்டவற்றுக்குச் சாட்சியம் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தில் அப்படிச் சொல்வது அநியாயம். சாட்சியம் எழுதப்பட வேண்டும், கேள்விக்கு உட்பட வேண்டும், கையளிக்கப்பட வேண்டும் என்கிறேன். தொழிற்சாலைக் கொப்பிபோல அதில் இரண்டு படிகள் தேவையற்றவை என்று இளையவர் ஒருவர் கண்டுபிடிக்கவும் இடமிருக்க வேண்டும்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரைக்கான மறுப்பை, இவ்விளையாட்டுகளை இளமையிலிருந்து விளையாடி வளர்ந்த எமது பிள்ளைகளில் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். நான் விதிநூல்களைப் படித்தவன். அவர்கள் அவ்வுலகங்களில் வாழ்ந்தவர்கள். தமிழில் எழுத வராதெனில் ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜியனிலோ எழுதட்டும். மொழிபெயர்க்க நான் ஆயத்தம். அடுத்த இதழில் அதற்கு இதேயளவு பக்கங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.